யார் பிடித்து வைத்திருந்தது?

அம்மா கேட்ட ஒரு கேள்வி இரண்டு வருஷத்துக்கு மேலாக என்னை விடவில்லை. அந்தக் கேள்வி வந்த இரவைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முந்தைய எட்டு நாள் கூத்தையும் சொல்லியாக வேண்டும். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

2023 ஆடி. பாம்பனில் கச்சான் காற்று ஓட்டைப் பெயர்த்து எறிகிற மாதம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா போனில் கூப்பிட்டு, இடது பக்கம் முதுகில் தொடங்கி மார்புக்குக் கீழே வரை யாரோ கோணி ஊசியால் தைத்து இழுக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். நான் பரமக்குடியில் விடைத்தாள் கட்டுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். "வாய்வாக இருக்கும், பெருங்காயம் போட்டு மோர் குடி" என்றேன். நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவன். பன்னிரண்டாம் வகுப்பில் நோய்த்தடைக்காப்பியல் என்று ஒரு பாடமே இருக்கிறது. பத்தொன்பது வருஷமாகப் புத்தகம் மாறினாலும் ஏதோ ஒரு வடிவில் அதை நடத்திக்கொண்டிருக்கும் வாயிலிருந்துதான் பெருங்காய மோர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி அவளை ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். இடது பக்க மார்பு வலி, அறுபத்தாறு வயது, சர்க்கரை வேறு. இசிஜி எடுத்தார்கள். இதயம் நன்றாக இருந்தது. நல்லது. அதற்குப் பிறகு யாரும் சேலையை விலக்கி முதுகைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அன்றைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் இரண்டு நாளில் ஏதாவது தடித்தால் உடனே வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வு மாத்திரையும் தடவிக்கொள்ளக் களிம்பும் கொடுத்து அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் குளிக்கப் போனவள் தம்பி மனைவியைக் கூப்பிட்டிருக்கிறாள். முதுகெலும்பிலிருந்து இடது விலாவைச் சுற்றிப் பாதி மாலை போட்டதுபோல் சிவந்த பட்டை. அதன்மேல் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாளாம்: "அக்கி."

வேளார் வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர்; இப்போது பானை வனைவதில்லை, அக்கி எழுதுவதற்கு மட்டும் கூப்பிடுகிறார்கள். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காலையில் வெறும் வயிற்றோடு அம்மாவைக் கிழக்குப் பார்க்க உட்கார வைத்து, காவிக்கல்லை உரைத்து, கோழி இறகால் அவள் முதுகில் சிங்கம் எழுதினார். நான் சனிக்கிழமை போய்ச் சேர்ந்தபோது சிங்கம் காய்ந்து வெடித்திருந்தது. பிடரியும் வாலும் அடையாளம் தெரிந்தன. நடுவில் கொப்புளம் உடைந்து நீர் வழிந்த இடத்தில் காவி கரைந்து சிங்கத்துக்கு வயிறு இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெரியவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கப் புறப்பட்டேன். அம்மா தடுத்தாள்.

"அவர்தான் அய்யா முதலில் கேட்டார், கொப்புளத்துக்கு முன்னால் எத்தனை நாள் வலித்தது என்று. நீ கேட்டாயா?"

கேட்கவில்லை. இசிஜி எடுத்தவர்களும் கேட்கவில்லை. வலி முன்னே வரும், கொப்புளம் பின்னே வரும், ஒரு பக்கம்தான் வரும் என்று மூன்று நோய்க்குறிகளையும் அந்த மனிதர் வாசற்படியில் நின்றே சொல்லியிருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பக்கமும் எரிச்சல் வருகிறது. நோயைச் சரியாகச் சொன்னவரிடம் மருந்து இல்லை. மருந்து இருந்த இடத்தில் நோயைச் சொல்லவில்லை. அக்கி எழுதினால் குணமாகிறது என்று ஊர் நம்புவதற்குக் காரணம் எளிது: அக்கிக் கொப்புளம் எழுதினாலும் எழுதாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ந்துவிடும். சிங்கத்துக்குப் போகிற அந்தப் பெயர் உண்மையில் வேறு யாருக்கோ சேர வேண்டியது.

சனிக்கிழமையே ராமநாதபுரத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். பார்த்த மாத்திரத்தில் வைரஸுக்கு எதிரான அசைக்ளோவிர் மாத்திரை எழுதினார். கொப்புளம் தெரிந்த மூன்று நாளுக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன் என்றும், இது ஐந்தாவது நாள் என்றும், புதுக் கொப்புளம் இன்னும் வருவதால் கொடுத்துப் பார்ப்போம் என்றும் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சீட்டில் 'ஹெர்பிஸ் சோஸ்டர்' என்று இருந்ததைப் படித்த மருந்துக்கடைப் பையன் அம்மாவையும் என்னையும் ஒரு பார்வை பார்த்தான். ஹெர்பிஸ் என்றால் அவனுக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்கு ஊர்வது என்றுதான் பொருள். சோஸ்டர் என்றால் அரைக்கச்சை. மனித உடலில் குடியிருக்கும் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் எட்டு ஒன்பது உண்டு. அவற்றில் ஒன்றாவது இல்லாத பெரியவரை இந்தத் தீவில் தேடிப் பிடிப்பது கடினம், அந்தப் பையனையும் சேர்த்து.

புயல் வருஷத்து அம்மை

அன்றிரவு கரண்ட் இல்லை. அம்மா படுக்க முடியாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை போட முடியவில்லை. கடலுக்குப் பாசி எடுக்கப் போகும் காலத்தில் சேலைக்கு மேல் மாட்டிக்கொள்ளும் அப்பாவின் பழைய சட்டையை, தையல் உறுத்தாமல் இருக்க உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருந்தாள். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவள். விரலுக்குத் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, கண்ணாடி மாட்டி மூச்சை அடக்கி முங்கும் வேலை. பாறை கீறிய கையில் உப்புத் தண்ணீர் படும்போதுகூட முகம் சுளிக்காதவள், ஜன்னல் வழியாக வந்த காற்று சட்டையை அசைத்தபோது 'ஸ்' என்று பல்லைக் கடித்தாள். "கச்சான் பட்டாலே எரிகிறது அய்யா." தொடுவது, உரசுவது, காற்று அசைவது என்று எல்லாவற்றையும் வலி என்றே படிக்கத் தொடங்கிவிடுகிறது அடிபட்ட நரம்பு.

அவளுக்கு ஒரு பயம் இருந்தது. இது சுற்றிக்கொண்டே வந்து தலையும் வாலும் முட்டிவிட்டால் ஆள் தங்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மட்டும் என்னால் நல்ல பதில் சொல்ல முடிந்தது. முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனி நரம்பு கிளம்புகிறது. இது ஒரு நரம்பின் வழியே வந்தது, அந்த நரம்பு நெஞ்சின் நடுக்கோட்டோடு முடிகிறது, அதற்கு மேல் வழி கிடையாது என்று அவள் முதுகைத் தொடாமல் என் முதுகிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினேன். கொஞ்சம் ஆசுவாசமானாள்.

"சரி, எங்கேயிருந்து வந்தது?"

"உனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதா?"

"போட்டதே. புயல் வருஷம் பங்குனியில். எனக்கு ஏழு வயது."

இந்தக் கரையில் புயல் வருஷம் என்றால் 1964 தான். அப்போது அவர்கள் தனுஷ்கோடியில் இருந்தார்கள். அம்மா, சித்தி, மாமா மூன்று பேருக்கும் அடுத்தடுத்து அம்மை போட்டதாம். வேப்பிலைப் படுக்கை, இளநீர், மூன்று தண்ணீர் ஊற்றி அம்மா இறங்கியது எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. கார்த்திகையில் தாத்தா குடும்பத்தைப் பாம்பனுக்குக் கொண்டுவந்தார். மார்கழியில், டிசம்பர் 22 இரவு, கடல் ஏறி தனுஷ்கோடியைக் கொண்டுபோய்விட்டது. அந்த வீடு இல்லை, தண்ணீர் இறைத்த ஊற்று இல்லை, வேப்பிலை ஒடித்த மரம் இல்லை.

"அந்தச் சின்னம்மைதான் இது" என்றேன். "அன்றைக்குத் தோலில் இருந்து இறங்கி நரம்பு வழியாக முதுகெலும்புக்குப் பக்கத்தில் இருக்கும் நரம்பு முடிச்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷமும் அங்கேயே இருந்து இப்போது அதே வழியாகத் திரும்பி வந்திருக்கிறது."

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் 'ஓ' என்பார்கள். அம்மா 'ஓ' என்று சொல்லவில்லை. வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. தூங்கிவிட்டாளோ என்று நினைத்தபோது கேட்டாள்.

"அப்படியென்றால் இத்தனை வருஷமும் அவளை யார் பிடித்து வைத்திருந்தது?"

எனக்குத் தெரிந்த பதில், ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல். ஆனால் என் வாயில் வந்த வாக்கியம் 'டி செல்கள் வைரஸ் புகுந்த செல்களைக் கொன்றுவிடும்' என்பது. கொன்றிருந்தால் அது எப்படி அறுபது வருஷம் இருந்தது? கொல்லவில்லை என்றால் அவை என்ன செய்துகொண்டிருந்தன? பத்தொன்பது வருஷமாகக் 'கொல்லி செல்' என்று கரும்பலகையில் எழுதி, பிள்ளைகள் அதற்குக் கத்தியும் மீசையும் வரைந்ததைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. "காலையில் சொல்கிறேன்" என்றேன். காலையிலும் சொல்லவில்லை.

இன்னொரு தீவு

பிறகு தேடிப் படித்ததில் முதலில் மாட்டியவர் ஒரு கிராமத்து மருத்துவர். எட்கர் ஹோப்-சிம்சன், இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற ஊர்க்காரர். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை 1947 முதல் 1962 வரை 16 வருஷம் விடாமல் குறித்து வைத்தார். மொத்தம் 192 பேர்.  ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுக் கூட்டத்தில் யெல் என்ற தீவுக்கும் போய் விசாரித்திருக்கிறார். தீவில் ஒரு நோய் எந்தப் படகில் யாரோடு வந்தது என்று கண்டுபிடிப்பது சுலபம் அல்லவா? படகில் யாரும் கொண்டுவராமலே சின்னம்மை முளைக்கிறது என்றால், அது ஏற்கெனவே தீவில் இருக்கும் யாரோ ஒரு பெரியவரின் உடம்பில் இருந்திருக்க வேண்டும். 1965-இல் அவர் தன் முடிவை வெளியிட்டார்: அக்கி வெளியிலிருந்து வருவதில்லை, சின்ன வயதில் வந்த அம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சில் பதுங்கியிருந்து, எதிர்ப்பு ஒரு அளவுக்குக் கீழே இறங்கும்போது எழுந்து வருகிறது. அம்மா தனுஷ்கோடியில் வேப்பிலையில் படுத்த அடுத்த வருஷம், அவளுடைய அம்மை எங்கே போயிற்று என்று எங்கோ ஒருவர் அச்சடித்துவிட்டார்.

அந்த எதிர்ப்பு யாருடையது என்பது அப்போது தெளிவாகவில்லை. எதிர்ப்புச் சக்தி என்றால் பெரும்பாலும் ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்புப் புரதம் என்றே பேசிவந்த காலம். நெஞ்சுக்கூட்டின் மேல்பகுதியில் இருக்கும் தைமஸ் சுரப்பிக்கு வேலை உண்டு என்பதையே 1961-இல்தான் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர் காட்டினார். டி செல்லின் 'டி' அந்தத் தைமஸ்தான். பிறகு இயற்கையே செய்து வைத்திருந்த சோதனைகள் விஷயத்தை உடைத்துச் சொல்லின. எதிர்ப்புப் புரதம் செய்யவே முடியாத குறையோடு பிறந்த பிள்ளைகள் சின்னம்மையிலிருந்து பெரும்பாலும் தப்பித்து எழுந்தார்கள். டி செல் இல்லாத பிள்ளைகளை அதே சின்னம்மை கொன்றது. வயதானவர்களிடமும் அப்படித்தான்: எதிர்ப்புப் புரதத்தின் அளவு குறையாமல் இருக்கும், ஆனாலும் அக்கி வரும்; குறைவது டி செல்லின் பலம். தைமஸ் வாலிபத்திலிருந்தே சுருங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகிறது. புதிதாக ஆள் எடுப்பது குறைந்துபோன காவல் படை, பழைய ஆட்களை வைத்தே ஓட்டுகிறது.

கூடையில் வைத்த மாதிரி

டி செல் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை நான் இப்போது வகுப்பில் எங்கள் கரையை வைத்துத்தான் சொல்கிறேன். விசைப்படகு கரைக்கு வந்ததும் ஏலம் எடுக்க வந்த வியாபாரி படகின் அடிவயிற்றில் இறங்கிப் பார்ப்பதில்லை. கரையில் ஒரு கூடையில் மாதிரி போடுவார்கள். அதைப் பார்த்தே உள்ளே என்ன கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். உடம்பின் செல் ஏறக்குறைய ஒவ்வொன்றும் உள்ளே தயாராகும் புரதங்களை நறுக்கி, சிறு துண்டுகளாகத் தன் மேற்பரப்பில் ஒரு மூலக்கூறுக் கூடையில் வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கிறது. டி செல் கடந்து போகும்போது கூடையைப் பார்க்கிறது. கூடை தன் உடம்புடையதாகவும் துண்டு அந்நியமாகவும் இருந்தால்தான் அதற்கு உறைக்கும். சிங்கர்நாகல், டோஹர்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இதைக் கண்டு 1974-இல் எழுதினார்கள். 1996-இல் நோபல் கிடைத்தது.

ஹெர்பிஸ் வைரஸ்கள் கூடையிலேயே கை வைக்கின்றன. உதட்டில் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், புரதத் துண்டு கூடைக்கு ஏறும் வழியில் ஒரு அடைப்பானைச் செருகிவிடும். சின்னம்மை வைரஸ் கூடையை மேலே வரவிடாமல் உள்ளேயே நிறுத்தி வைக்கிறது. அதோடு நிற்காமல் டி செல்லுக்குள்ளேயே புகுந்து அதிலேயே சவாரி செய்து தோலுக்குப் போய்ச் சேருகிறது. ரோந்துப் படகில் ஏறிக் கரைக்கு வருகிற கள்ளன் என்று சொன்னால் எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டியதில்லை.

அம்மாவின் கேள்விக்குப் பக்கத்தில் என்னைக் கொண்டுபோனது 2008-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஒரு ஆய்வு. அது அக்கியின் பங்காளி ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸைப் பற்றியது, செய்தது எலியில். முகத்துக்குப் போகும் நரம்பின் முடிச்சுக்குள் வைரஸ் உறங்குகிறது. அந்த நரம்பு செல்களைச் சுற்றி சிடி8 வகை டி செல்கள், என் கரும்பலகையின் அதே 'கொல்லி'கள், ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. வைரஸ் விழித்துத் தன் முதல் புரதங்களைச் செய்யத் தொடங்கும்போது டி செல் தன் ஆயுதமான கிரான்சைம் பி-யை நரம்பு செல்லுக்குள் செலுத்துகிறது. வேறு எந்த செல்லாக இருந்தாலும் அதோடு அது சாகும். இங்கே சாகவில்லை. கிரான்சைம், விழிப்பதற்கு வைரஸுக்குக் கட்டாயம் வேண்டிய ஒரு புரதத்தை வெட்டிவிடுகிறது. வைரஸ் மறுபடியும் படுத்துக்கொள்கிறது. நரம்பு செல்லும் பிழைத்திருக்கிறது.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மொட்டைமாடியில் போய் நின்றேன். தோல் செல் செத்தால் இன்னொன்று வரும், ஈரல் செல் செத்தாலும் வரும். நரம்பு முடிச்சில் ஒரு செல் செத்தால் செத்ததுதான். பதிலுக்கு வேறு வராது. அங்கே போய்க் கொன்று குவித்தால் வைரஸோடு சேர்ந்து உணர்ச்சியும் போய்விடும். எனவே கொல்லத் தெரிந்தவனே கொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, எழுந்தால் படுக்கவைத்து, மறுபடி எழுந்தால் மறுபடி படுக்கவைத்துக்கொண்டிருக்கிறான். இறந்தவர்களின் நரம்பு முடிச்சுகளைப் பார்த்தபோதும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் உறங்கும் செல்களைச் சுற்றி டி செல்கள் கூடியிருந்தது தெரிந்தது. தோலிலும் இதே கதை. ஆறிப்போன கொப்புளத்தின் இடத்தில், நரம்பின் நுனி தோலைத் தொடும் வரிசையில், ஒரு பகுதி டி செல்கள் ரத்தத்துக்குத் திரும்பாமல் தங்கிவிடுகின்றன. நாம் 'ஆறிவிட்டது' என்று சொல்லிப் போன இடத்தில் அவை வருஷக்கணக்கில் இருக்கின்றன.

இதற்கு உடம்பு கொடுக்கும் விலையும் சாதாரணமில்லை. இதே குடும்பத்தில் சைட்டோமெகலோ என்று ஒரு வைரஸ் உண்டு; நம் நாட்டில் பெரும்பாலானோரின் உடம்பில் சத்தமில்லாமல் இருப்பது. அது இருக்கும் பெரியவர்களிடம், ரத்தத்தில் சுற்றும் நினைவு டி செல்களில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு அந்த ஒரே வைரஸைக் கவனிக்கவே ஒதுக்கப்பட்டிருந்ததாக 2005-இல் ஒரு கணக்கெடுப்பு வந்தது. பத்துப் பேர் உள்ள வீட்டில் ஒருவர் வாழ்நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்தே இருப்பது மாதிரி.

நம் முன்னோர் அம்மை 'இறங்கிவிட்டாள்' என்றுதான் சொன்னார்கள், 'செத்துவிட்டாள்' என்று சொல்லவில்லை, பார்த்தீர்களா அவர்களின் அறிவியலை என்று ஒரு நண்பர் மகிழ்ந்தார். எனக்கு இந்த வேலை பிடிப்பதில்லை. தெய்வத்தைக் கொல்ல முடியாது என்பதால் அப்படிச் சொன்னார்கள். நரம்பு முடிச்சைப் பார்த்துச் சொல்லவில்லை. எங்கள் அம்மாவின் கேள்வியை அறிவியலாக்குகிறேன் பேர்வழி என்று அதன் கூர்மையை மழுக்கவும் வேண்டாம். இருந்ததை இருந்தது என்று ஏற்றுக்கொண்டு, அப்படியானால் பிடித்தவன் யார் என்று அடுத்த படிக்குப் போனாள். என் பாடப் புத்தகம் என்னை அந்தப் படியில் ஏற விடவில்லை. எல்லாவற்றையும் போராகவே சொல்லிக்கொடுத்தால் முடிவில் வெற்றி இருந்தாக வேண்டும். வெற்றிக்குப் பிறகு யார் காவல் இருக்கிறார்கள் என்று யார் கேட்பது?

ஹோப்-சிம்சனின் கட்டுரையில் இன்னொரு யோசனையும் இருந்தது. சின்னம்மை போட்ட பிள்ளைகளோடு பெரியவர்கள் இருக்கும்போதெல்லாம் அந்தக் காவலுக்கு ஒரு உசுப்பல் கிடைக்கிறது என்பது. பிரிட்டனில் 2020-இல் வந்த பெரிய ஆய்வு, வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை வந்து அதோடு இருந்த பெரியவர்களுக்கு அடுத்த இருபது வருஷம் அக்கி வரும் வாய்ப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாக இருந்ததாகச் சொன்னது. இதைப் படித்தபோது பாம்பன் வீடு கண்ணில் வந்தது. ஒரு காலத்தில் திண்ணை கொள்ளாமல் பிள்ளைகள். நான் பரமக்குடிக்கும் தங்கை திருப்பூருக்கும் போய், தம்பிக்குப் பிள்ளை பிறக்கத் தாமதமாகி, பத்துப் பதினைந்து வருஷம் அந்த வீட்டில் மூக்கு ஒழுகும் ஒரு குழந்தை இல்லை. அதனால்தான் அவளுக்கு வந்தது என்று சொல்ல மாட்டேன்; சர்க்கரை இருக்கிறது, வயது இருக்கிறது. ஆனாலும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தேதி

கொப்புளம் மூன்றாவது வாரம் காய்ந்தது. வலி காயவில்லை. எட்டு மாதம். சட்டை திரும்பியே கிடந்தது. தாமதமாகத் தொடங்கியதால்தான் இவ்வளவு என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். அசைக்ளோவிர் உறங்கும் வைரஸைத் தொடாது. விழித்துப் பெருகும் வைரஸின் நகலெடுப்பை நிறுத்துவதோடு அதன் வேலை முடிந்தது. அதை உருவாக்கிய குழுவை நடத்திய ஜெர்ட்ரூட் எலியன் 1988-இல் நோபல் வாங்கினார். மருந்து இருக்கிறது, மாத்திரைக் கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கிறது. நடுவில் இருந்தது ஒரு பெருங்காய மோரும் ஒரு இசிஜியும் ஒரு சிங்கமும்.

தடுப்பூசி உண்டு. இந்தியாவுக்கு வந்ததே அந்த 2023-இல்தான். வைரஸின் ஒரே ஒரு மேலுறைப் புரதத்தோடு, டி செல்லை உசுப்ப ஒரு துணைச் சரக்கும் சேர்த்தது. அந்தச் சரக்கில் ஒன்று, சிலி நாட்டு மரம் ஒன்றின் பட்டையிலிருந்து எடுத்த சபோனின். நம் பூந்திக்கொட்டையில் நுரைக்கிறதே, அந்த இனம். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய சோதனையில் அது 97 சதவீதம் அக்கியைத் தடுத்தது. இரண்டு ஊசி. விலை, பாசி எடுக்கும் ஒரு பெண் பல வாரம் முங்கினால்தான் தேறும். நானும் தம்பியும் தங்கையும் பங்கு போட்டோம். இரண்டாவது ஊசிக்கு இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு, "உன் காவல்காரர்கள் இப்போதுதான் எழுந்திருக்கிறார்கள் போல" என்றாள். நான் ஒருவழியாகப் பதில் சொல்லியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏலக் கூடைக் கதையை அவளிடம்தான் முதலில் ஒத்திகை பார்த்தேன்.

போன பங்குனியில் தம்பி மகனுக்குச் சின்னம்மை போட்டது. அம்மாவுக்கு அக்கி இருந்தபோது கைக்குழந்தையாக இருந்தவன். அவளுடைய கொப்புளத்து நீர் பட்டு அவனுக்குச் சின்னம்மை வந்துவிடக் கூடாது என்று மூன்று வாரம் அவனைத் தாய்மாமன் வீட்டில் வைத்திருந்தோம். இப்போது பால்வாடியிலிருந்து வாங்கிக்கொண்டு வந்தான். தகவல் கேட்டு நான் போனபோது வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அம்மா அவனைத் தன் பாயிலேயே படுக்கப்போட்டு, சொறியும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டை இல்லை, ரவிக்கை போட்டிருந்தாள்.

மூன்றாவது தண்ணீர் ஊற்றிய அன்று அவனுக்குப் புதுச் சொக்காய் மாட்டிவிட்டு, அலமாரியிலிருந்து தன் பழைய பாசிக் கணக்கு நோட்டை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். எடை, விலை, வியாபாரி கொடுக்க வேண்டிய பாக்கி என்று பக்கம் பக்கமாக அவளுடைய கோணல் எழுத்து. கடைசியில் சில பக்கம் காலியாக இருந்தன.

"இவனுக்கு அம்மை போட்ட தேதியை எழுதி வை."

எழுதினேன்.

"எந்த வருஷம் என்றும் போடு. புயல் வருஷம் என்று சொல்ல இவனுக்கு ஒன்றும் இல்லை." கொஞ்சம் யோசித்தாள். "கீழே இதையும் எழுது. பின்னால் எந்தக் காலத்திலாவது ஒரு பக்கம் மட்டும் சுள்ளென்று இழுத்தால் மோர் குடித்துக்கொண்டு இருக்க வேண்டாம், முதுகைக் காட்டிப் பார்க்கச் சொல்."

அதையும் எழுதினேன். பேனா பாதியில் நின்றுவிட்டது. உதறி, மறுபடி எழுதினேன்.